பெஞ்சும் டம்ளரும்

காப்பிக் கடைப் பேச்சை எடுத்தால் போதும். திண்டுக்கல் பெரியவர்களின் முகம் மலர்ந்து விடும்.

பித்தளை டவரா. அதன் நடுவே நுரை ததும்பும் டம்ளர். "ரெண்டு ஸ்ட்ராங், ஒண்ணு சர்க்கரை கம்மி!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுக்கும் சர்வர். கல்லாவில் உட்கார்ந்து சில்லறை எண்ணும் முதலாளி. விறகு அடுப்புப் புகையையும் மீறி வரும் டிகாக்சன் வாசனை. இவற்றைச் சொல்லும்போது 80 வயதுக்காரரும் 20 வயதாகி விடுகிறார்.

திண்டுக்கல் என்றதும் வெளியூர்க்காரர்கள் இப்போது பிரியாணியைத்தான் சொல்கிறார்கள். அது மத்தியானத் திண்டுக்கல். விடிகாலைத் திண்டுக்கல் என்றும் காப்பித் திண்டுக்கல்தான்.

காரணம் உண்டு. இது உழைப்பாளிகளின் ஊர். பூட்டுப் பட்டறைக்காரர், பேகம்பூர் தோல் ஷாப்புக்காரர், சுருட்டு சுற்றுகிறவர், நாகல் நகர் நெசவாளி, இரவு ஷிப்டு முடிந்து வரும் மில் தொழிலாளி எல்லோருக்கும் பொழுது விடிவதற்குள் சூடாக ஒன்று தொண்டையில் இறங்க வேண்டும்.

அணாக் கணக்கும் அந்த நினைவில் உண்டு. 1957 ஏப்ரல் 1-ந் தேதி நயா பைசா வந்தது. ஒரு ரூபாய்க்கு 16 அணா போய், 100 நயா பைசா ஆயிற்று. ஒரு அணாவுக்குச் சரிக் கணக்கு 6¼ பைசா. அந்தக் கால் பைசாவுக்கு நாணயம் ஏது? நாட்டில் எத்தனையோ கடைகளில் அதற்காகக் காலை நேரத்தில் வாக்குவாதம் நடந்தது.

கடைக்கு ஒரு செய்தித்தாள் வரும். எழுத்துத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார். மற்றவர்கள் கேட்பார்கள். நாளடைவில், கேட்டவர்களில் சிலர் தலைப்பை எழுத்துக் கூட்டத் தொடங்குவார்கள். பள்ளிக்கூடம் போகாதவர்கள் பலருக்கு அந்த பெஞ்சே பள்ளிக்கூடம்.

பாட்டிகளின் நினைவு வேறு. பெண்கள் கடைக்குப் போய் உட்காரும் வழக்கம் அன்று குறைவு. அவர்களுக்கு ஓட்டல் காப்பி என்றால், தூக்குவாளியில் வீட்டுக்கு வந்த காப்பிதான்!

கண்ணுக்கு எதிரே விளைகிறது

திண்டுக்கல் காப்பிக்கு ஒரு தனிப் பெருமை. அது விளையும் மலை ஊரில் இருந்தே தெரிகிறது. அதுதான் சிறுமலை.

ஊரில் இருந்து சுமார் 25 கிலோ மீட்டர். 18 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். மேலே வாழை, பலா, எலுமிச்சை, மிளகு. அவற்றின் நிழலில் காப்பிச் செடி.

கோடை மழை ஒன்று விழுந்ததும் காப்பி பூக்கும். மல்லிகை கொட்டியது போல் வெள்ளை வெளேர் என்று இருக்கும். கார்த்திகை, மார்கழியில் பழம் சிவக்கும். எல்லாம் ஒரே நாளில் பழுக்காது. சிவந்ததைப் பார்த்துப் பார்த்துக் கையால் பறிக்க வேண்டும். தோலை நீக்கி, வழவழப்புப் போகக் கழுவி, வெயிலில் உலர்த்த வேண்டும். வண்டி போகாத தோட்டங்களில் இருந்து குதிரை முதுகில்தான் மூட்டை இறங்கும்.

மேற்கே கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடியும் பண்ணைக்காடும் காப்பி ஊர்கள். அடிவாரத்துப் பட்டிவீரன்பட்டியில் கொட்டையைப் பதப்படுத்துகிறார்கள். தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது.

இத்தனை கை மாறி வந்த கொட்டையைத்தான் வறுத்து, சிக்கரி சேர்த்து, பில்டரில் இறக்கி, டவராவில் ஆற்றினார்கள்.

அந்தப் பழத்தைப் பறித்தவர் அந்த டவராக் காப்பியைக் குடித்தாரா? மலையில் அவருக்குக் கிடைத்தது கருப்பட்டி போட்ட வரக்காப்பி. சரி, சந்தை நாளில் கீழே இறங்கி ஊருக்கு வந்தால்? எந்த பெஞ்சில் உட்கார்ந்தார்?

போர்டில் இருந்த சொல்

இதைச் சொன்னால் பெரியவர்கள் சிலர் சற்று மவுனமாகி விடுகிறார்கள்.

காப்பி தமிழ்நாட்டில் ஆதி காலத்துப் பானம் அல்ல. வரலாற்று ஆசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதி "அந்தக் காலத்தில் காப்பி இல்லை" என்று ஒரு நூலுக்கே பெயர் வைத்திருக்கிறார். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் அது வீடுகளில் நுழைந்து, காலைப் பழைய சோற்றைத் தள்ளி விட்டு உட்கார்ந்தது. பின்னாலேயே காப்பி கிளப்புகள் வந்தன. பல கிளப்புகளின் போர்டில் சாதிப் பெயர் இருந்தது. உள்ளே சாதிக்கு ஓர் இடம். சிலருக்கு உள்ளே இடமே இல்லை.

ரெயில் நிலையச் சிற்றுண்டிச் சாலையிலும் பிராமணருக்கு ஓர் இடம், மற்றவருக்கு ஓர் இடம் என்று இருந்தது. பெரியாரின் கிளர்ச்சிக்குப் பிறகு 1941-ல் அது நின்றது. 1957-ல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால், "பிராமணாள்" என்ற சொல்லை போர்டில் இருந்து எடுக்கச் சொல்லிப் பெரியாரின் தொண்டர்கள் மறியல் செய்தார்கள்.

காப்பி மணக்கும் பட்டிவீரன்பட்டியில் பிறந்தவர்தான் ஊ.பு.அ. சவுந்தரபாண்டியன். 1929-ல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டின் தலைவர். ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பஸ்சுக்கு லைசென்சு கிடையாது என்று உத்தரவு போட்டவர். சென்னை பாண்டி பஜார் இவர் பெயரால் வந்ததே.

1950-ல் அரசியல் சட்டம் வந்தது. கடையிலோ ஓட்டலிலோ சாதியைச் சொல்லி எவரையும் தடுக்கக் கூடாது என்றது. 1955-ல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. பெஞ்சு பொதுவாயிற்று.

டம்ளர்?

கிராமத்து டீக்கடைகளில் அது அவ்வளவு சுலபமாக மாறவில்லை. சிலருக்குத் தேங்காய்ச் சிரட்டை. பிறகு தனி டம்ளர். குடித்தவரே அதைக் கழுவித் தனி ஆணியில் மாட்ட வேண்டும். "இரட்டைக் குவளை" என்ற புகார் இன்றும் அங்கங்கே அதிகாரிகளிடம் வந்து கொண்டுதான் இருக்கிறது.

இடையில் காகிதக் கப் வந்தது. கப் வந்த கடையில் இரண்டாவது டம்ளர் மறைந்தது. கடைக்காரரின் மனம் மாறியதா, கழுவுகிற வேலை மிச்சமா என்று அவர்தான் சொல்ல வேண்டும். தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் ஒரு முறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களைத் தடை செய்தபோது, பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் பட்டியலில் இருந்தது. ஆனாலும் கப் கடைகளை விட்டுப் போய் விடவில்லை.

பழைய காப்பிக் கடையைப் பற்றி ஆசையாகப் பேசுவதில் தவறு ஒன்றும் இல்லை. அந்த ருசியும் உண்மை, அந்தச் சிநேகமும் உண்மை. ஆனால் உள்ளே உட்கார்ந்து குடித்தவர் மட்டும் சொன்னால் கதை பாதிதான். வாசலில் நின்று குடித்தவரும் இந்த ஊரில் இருக்கிறார். அவருக்கும் 80 வயது ஆகிறது. பேரன் பேத்திகள் அவரையும் உட்கார வைத்துக் கேட்க வேண்டும். இன்னும் பத்து ஆண்டு கழித்துக் கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது.

கடைக்காரர்கள் செய்யக் கூடியதும் ஒன்று உண்டு. காகிதக் கப்பை விட்டுக் கண்ணாடி டம்ளருக்குத் திரும்பலாம். திரும்பும்போது எல்லோருக்கும் ஒரே வகை டம்ளர், ஒரே தொட்டியில் கழுவியதாக இருக்கட்டும். நாலு டஜன் டம்ளர். ஒரு கொதிநீர்த் தொட்டி. நாள்தோறும் கப் வாங்கும் கடைக்கு இது பெரிய செலவு அல்ல.