கடதாசி ஆட்டமும் காலக் களவும்

கல்லூரி மலரொன்றிற் கடதாசி விளையாட்டைப் பற்றி எழுதுவதா என முகஞ் சுளிக்கும் அன்பர் சிலர் இருத்தல் கூடும். வள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்துக் கண்டித்தமையை நாமும் அறிவோம். ஆயினும், பணம் வையாது ஆடப்படும் முந்நூற்று நாலு சூதாகாது. பழைய மாணவர் ஒன்றுகூடும் இடங்களிற் கிரிக்கெட்டுக்கு அடுத்தபடியாக இவ்வாட்டத்துக்கும் சுற்றுப்போட்டி வைப்பது வழக்கமாகிவிட்டது. போட்டியென்று வந்தபின் அதன் ஒழுங்கைப் பற்றிப் பேசுவதில் இழுக்கில்லை.

வன்னி மண்ணில் இவ்வாட்டத்தை அறியாதார் அரியர். பன்றிக்கும் யானைக்கும் அஞ்சி வயற்காவல் இருந்த கொட்டில்களில், அரிக்கன் விளக்கொளியில், விடியுமட்டும் ஆடியோர் நம் தந்தையர். செத்தவீட்டு இரவுகளிலும் இதுவே துணை. துரும்பு என்னும் சொல்லும், இஸ்கோப்பன் முதலாய பெயர்களும் ஒல்லாந்தர் விட்டுச் சென்றவை. 32 தாள், இருவர் இருவராய் இரு கட்சி. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. இனமொன்றுக்கு 76 ஆக, நாலினத்துக்கும் 304. கணக்கு இவ்வளவே. ஆனால் மறைத்து வைத்த துரும்பு எதுவென ஊகித்துத் தாளிறக்குவதற்கு வேண்டிய புத்தி சிறிதன்று.

2009 ஆம் ஆண்டில் நம்மிற் பலர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமிற் கூடாரங்களுள் இருந்தபோதும் கடதாசி பிடித்தோம். அங்கே ஒருவர் ஒரு தாளை இறக்கக் கால்மணி நேரம் யோசித்தாலும் எவரும் குறை சொல்லவில்லை. பொழுது போகாதிருந்ததே அங்கு நமக்குத் துன்பம். போட்டிக்களமோ வேறு. அங்குள்ள நேரம் நால்வருக்கும் பொதுவான உடைமை. ஒருவர் அதை அள்ளிக்கொண்டால் மற்றை மூவருக்கும் குறையும்.

சில காலத்துக்கு முன் ஒரு சுற்றுப்போட்டியில் நாம் கண்டதைச் சொல்வோம். மணியடிக்கும்போது முந்தி நிற்கும் கட்சியே வென்றதெனக் கொள்வது அங்கு விதி. இரண்டு புள்ளி முந்திய ஒரு கட்சியினர் அதன்பின் தாளைக் கலைப்பதற்கே ஐந்து நிமிடம் எடுத்தனர். ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், மற்றவர் தேநீர் கேட்டார். எதிரிலிருந்தோர் ஒட்டுசுட்டானிலிருந்து வந்த இரு இளைஞர். கடைசிப் பஸ் போய்விடுமே என்று அவர்கள் வாசலைப் பார்த்த பார்வை இன்னும் நம் கண்ணில் நிற்கிறது. ஈற்றில் ஆட்டத்தை விட்டெழுந்து ஓடினர். சொந்த வாகனத்தில் வந்தவர்கள் கிண்ணத்தைப் பெற்றுக்கொண்டார்கள். நாம் கைதட்டவில்லை, ஆனால் வாய் திறக்கவுமில்லை. அந்த மௌனமே இக்கட்டுரைக்குக் காரணம்.

மெதுவாக ஆடுதல் வேறு, வேண்டுமென்றே இழுத்தடித்தல் வேறு. ‘மாஜிக்’ எனப்படும் மேனாட்டுக் கடதாசி ஆட்டத்தின் போட்டி விதிகள் இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்துள்ளன. முன்னையதற்கு எச்சரிக்கை, நேர எல்லையைத் தனக்குச் சாதகமாக்கும் நோக்குடன் இழுப்பதற்குப் போட்டியினின்றும் நீக்கம். பிறிட்ஜ் ஆட்டத்தின் சட்டங்களும் மிகையான தாமதத்துக்குத் தண்டம் விதிக்க இடமளிக்கின்றன. ஒரு கட்சியின் தவறால் ஒரு கை ஆடப்படாது போயின், தவறற்ற கட்சிக்குக் குறைந்தது 60 வீதமும் தவறிழைத்தோர்க்குக் கூடியது 40 வீதமும் வழங்குவது அவர்கள் முறை. இது நமக்கும் நன்கு பொருந்துமென்பது எமது அபிப்பிராயம்.

தாமதத்தில் இன்னொரு கபடமும் உண்டு. முந்நூற்று நாலில் இறங்கிய இனத்தையே இறக்கல் வேண்டும். கையில் அவ்வினத்தில் ஒரே தாள் உள்ளவருக்கு யோசிக்க என்ன இருக்கிறது? அவர் தாடையைத் தடவினால் அது எதிரியை ஏய்க்கவே. கேள்வி கேட்குமிடத்து ஒருவர் தயங்கிவிட்டுப் ‘பாஸ்’ என்றால், கூட்டாளிக்கு அது வாய்திறந்து சொன்னதற்குச் சமம். பிறிட்ஜில் கூட்டாளியின் தயக்கத்திலிருந்து பயன்பெறுதல் சட்டவிரோதம். நமது ஆட்டத்திலேயே, எல்லாப் பிடியும் தமக்கே என அறிந்தவர் உரிய வேளையிற் ‘கப்ஸ்’ சொல்லாது பிந்தினால் தண்டனை உண்டல்லவா? காலத்தின் அருமையை நம் மூத்தோரும் அறிந்தே இருந்தனர்.

எனினும் கடுமைக்கும் ஓரளவு வேண்டும். 2023 நவம்பர் 6 ஆந் திகதி டில்லியில், உலகக் கிண்ணப் போட்டியில், அஞ்சலோ மத்தியூஸ் தலைக்கவசத்தின் பட்டி அறுந்து நின்றபோது, இரண்டு நிமிடம் கடந்ததென ஆட்டமிழந்தார். சர்வதேசக் கிரிக்கெட்டில் அவ்வாறு ஆட்டமிழந்த முதல்வர் அவரே. விதி விதிதான், ஆனால் பட்டி அறுந்தவனையும் பாசாங்கு செய்பவனையும் ஒரே தராசில் வைத்தமை பலருக்கு உறுத்தியது. கண் மங்கிய எழுபது வயதுப் பெரியவர் தாளை விளக்கருகே பிடித்துப் பார்ப்பதை நாம் குற்றமெனக் கொள்ளலாகாது. எனவே முதலில் எச்சரிக்கை, அதன்பின்னரே தண்டம்.

நோயின் வேர் அந்த மணியிலேயே உள்ளது. மணியடித்தவுடன் முந்தியவர் வென்றார் என்னும் விதி இருக்குமட்டும், முந்தியவர் உறங்கவே விரும்புவர். இத்தனை கை ஆடியே தீரவேண்டுமென வகுத்துவிடின் இழுத்தடிப்பதில் இலாபமில்லை. மேசைதோறும் இரு கட்சிக்கும் உறவில்லாத ஒரு மத்தியஸ்தர் இருக்கட்டும். உயர்வகுப்பு மாணவர் இதற்குப் போதும். முறைப்பாட்டையும் ஆட்டம் நடக்கும்போதே செய்தல் வேண்டும். தோற்றபின் வாசலில் நின்று முணுமுணுப்பதை எந்த மத்தியஸ்தர் தீர்ப்பார்?

கனடாவிலிருந்து இரண்டு கிழமை விடுமுறையில் வருவோரும், புதுக்குடியிருப்பிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவோரும் ஒரே மேசையில் அமரும் விழா இது. யூபிலிப் போட்டியைக் காலை எட்டரைக்கே தொடங்கும்படி ஒழுங்கமைப்பாளரைக் கேட்டுள்ளோம். இறுதியாட்டம் மாலை நான்குக்கு முன் முடிந்தால் முல்லைத்தீவுப் பக்கம் போவோருக்கும் பஸ் இருக்கும்.