தலைக்குக் குளிக்க ஷாம்பூதான் வேண்டுமா?

பெங்களூருக்கு வேலைக்கு வந்து ஆறு மாதம் ஆன நம்மவர் யாரைக் கேட்டாலும் ஒரே புகார்தான்: "இந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, முடி கொட்டுகிறது." ஸ்ரீராமபுரத்தில் குடியிருக்கும் குமாஸ்தாவும் இதையே சொல்கிறார், பொம்மனஹள்ளியில் தையல் ஆலைக்குப் போகும் பெண்ணும் இதையே சொல்கிறார். சொன்ன கையோடு, பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் ஷாம்பூ பாக்கெட்டுகளில் இரண்டைக் கிழித்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஊரில் வாரம் ஒருமுறை தலைக்குக் குளித்தவர்கள், இங்கே தூசிக்கும் புகைக்கும் பயந்து ஒன்றுவிட்டு ஒரு நாள் ஷாம்பூ போடுகிறார்கள். முடி மேலும் வறண்டு போகிறது. பழி மட்டும் தண்ணீர் மேல் விழுகிறது.

தண்ணீர் மேல் குற்றமே இல்லை என்று வாதாட வரவில்லை. ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் அதிகம். வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் முடியிலும் படிகிறது. முடி சொரசொரத்து, சிக்கு விழுந்து, சீப்பு பட்டதும் முறிகிறது. 2024 மார்ச்சில் கிணறுகள் வற்றி, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்து நின்றதை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்த ஆண்டு அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கப்பட்ட பிறகும், கிணற்றையும் லாரியையும் நம்பியிருக்கும் வீடுகள் நம்மவரிடையே உண்டு.

ஆனால் முடி நடுவில் முறிவது வேறு. வேரோடு உதிர்வது வேறு. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பே. அதற்கு மேல் கொத்துக் கொத்தாக வந்தால் காரணம் உடம்புக்குள் இருக்கலாம். கடும் காய்ச்சலோ பிரசவமோ வந்து போனால், இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டும். இரும்புச் சத்துக் குறைந்தாலும் கொட்டும். விடியற்காலையில் ஒரு டீயைக் குடித்துவிட்டு ஆலைக்கு ஓடி, மாலை வரை அரை வயிற்றுடன் தையல் இயந்திரத்தின் முன் உட்காரும் பெண் முதலில் செய்துகொள்ள வேண்டியது இரத்தப் பரிசோதனை. அதை விட்டுவிட்டு, அரைச் சம்பளத்தைக் கூந்தல் தைலத்துக்கும் விலையுயர்ந்த ஷாம்பூவுக்கும் கொட்டுவது எத்தனை பெரிய நஷ்டம்! சோகை அப்படியே இருக்கிறது. கையில் காசும் இல்லை.

இனி ஷாம்பூவுக்கு வருவோம். இந்தச் சொல்லே நம் நாட்டுச் சொல்தான். அழுத்திப் பிடித்துவிடுவதைக் குறிக்கும் இந்திச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. பாட்னாவில் பிறந்த தீன் முகமது என்பவர் 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் குளியல் நிலையம் நடத்தி அந்தச் சொல்லை அங்கே பரப்பினார். நாம் கைவிட்டது எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடும் பழக்கத்தை. திரும்ப வாங்கியது அதன் பெயர் ஒட்டிய பாக்கெட்டை! அந்தச் சிறு பாக்கெட்டைப் பட்டிதொட்டியெல்லாம் பரப்பியதிலும் கடலூர்த் தமிழர்களுக்கே முக்கியப் பங்கு. மொத்தமாகப் பாட்டில் வாங்க முடியாத ஏழைக்கும் அது கிடைத்தது என்ற நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் காலியான பாக்கெட் சாக்கடையில் போய் அடைக்கிறது. மழைக் காலத்தில் சாக்கடை நீர் நம் வாசலுக்கே திரும்பி வருகிறது.

ஷாம்பூவில் உள்ள சலவைப் பொருள் எண்ணெய்ப் பசையை அடியோடு வழித்து எடுத்துவிடும். நுரை பொங்குவதைப் பார்த்து நமக்கும் திருப்தி. சீயக்காயில் உள்ள நுரைப்பொருள் இயற்கையானது, சாந்தமானது, அழுக்கை எடுத்து, கொஞ்சம் எண்ணெய்ப் பசையைத் தலையில் விட்டுவைக்கும். உப்புத் தண்ணீரில் குளிக்கும் முடிக்கு அந்தப் பசைதான் காவல்.

ஷாம்பூவை விட்டபோது எனக்கும் முதல் மூன்று வாரம் கஷ்டமாகத்தான் இருந்தது. தலை பிசுபிசுவென்றிருக்க, அடுத்த மேஜைக்காரர், "என்ன சார், எண்ணெய்ச் செக்கிலிருந்து நேரே ஆபீசுக்கா?" என்று கேட்டார். தவறு சீயக்காயினுடையது அல்ல. கை நிறைய எண்ணெய் வைத்துவிட்டு, ஒரு சிட்டிகைப் பொடி போட்டால் எப்படிப் போகும்? எண்ணெயைக் குறைத்தேன், பொடியைக் கூட்டினேன், சரியாகிவிட்டது.

பொடிக்கு என் வீட்டுக் கணக்கு இது: சீயக்காய் 1 கிலோ, பச்சைப்பயறு கால் கிலோ, வெந்தயம் 100 கிராம், விதை நீக்கிய பூந்திக்கொட்டை 100 கிராம், நிழலில் உலர்த்திய செம்பருத்தி இலை இரண்டு கைப்பிடி. சீயக்காய் அரைக்கத் தனி இயந்திரம் உள்ள மில் இங்கே அகப்படாவிட்டால், பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குப் போகும்போது அரைத்துக் கொண்டுவந்துவிடலாம். ஒண்டுக் குடித்தனத்தில் பொடி குழாயை அடைத்து, வீட்டுக்காரரிடம் பேச்சு வாங்க வேண்டாம். பொடியைக் கொதிக்கவைத்து, துணியில் வடிகட்டி, அந்தச் சாற்றை மட்டும் தேய்த்தால் போதும். சோறு வடித்த கஞ்சி இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காவிரி நீர் வரும் நாளில் ஒரு குடம் பிடித்துவைத்து, கடைசி அலசலுக்கு அதை ஊற்றினால் சிக்கு பாதி குறையும். அதுவும் இல்லையென்றால், கொதிக்கவைத்து, தெளிந்து ஆறிய தண்ணீர்; கொதித்தால் உப்பில் ஒரு பகுதி அடியில் தங்கிவிடும்.

பெரிதாகப் பணம் மிச்சமாகும் என்று ஆசை காட்டமாட்டேன். சீயக்காயும் இன்று மலிவான சரக்கு அல்ல. வழுக்கையில் முடி முளைக்கும் என்றும் சொல்லமாட்டேன். பரம்பரை வழுக்கைக்குச் சீயக்காய் மருந்து அல்ல. பொடுகுக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த ஷாம்பூ இருந்தால் அதை நிறுத்தவும் வேண்டாம். "காலையில் ஏழு மணிக்கு ஷிப்டு, இதற்கெல்லாம் ஏது நேரம்?" என்று கேட்பீர்கள். தினமும் செய்யச் சொல்லவில்லை. வாரத்துக்கு ஒரு நாள், விடுமுறை நாளில் ஒரு மணி நேரம். மற்ற நாட்களில் தலையில் துணி கட்டிக்கொண்டு போனாலே பாதித் தூசி தங்காது.

இது தமிழனுக்கு மட்டும் உரிய வழக்கமும் அல்ல. நம் கன்னட அண்டை வீட்டாரும் நரக சதுர்த்தசியன்று எண்ணெய் தேய்த்து, "சீகேகாயி" போட்டுத்தான் குளிக்கிறார்கள். பொடி தீர்ந்துவிட்டால் அடுத்த வீட்டு அம்மாவிடம் ஒரு கிண்ணம் கேட்டு வாங்கலாம். ஊரிலிருந்து வந்ததும் இரண்டு கிண்ணமாகத் திருப்பிக் கொடுக்கலாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை தொடங்குங்கள். மூன்று வாரம் பொறுத்துப் பாருங்கள். அதற்கும் முன்னால், கொத்தாக முடி கொட்டுகிறவர்கள் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் பார்த்துவிட்டு வாருங்கள்.