விக்டோரியா கட்டடமும் குத்தகைப் பத்திரமும்

பழைய கட்டடம் ஒன்றைக் காப்பாற்றும்படி ஜனங்கள் கேட்டால், நகரசபைகள் எங்கும் சொல்லும் பதில் பணமில்லை என்பதே. ஆஸ்திரேலியாவில் ஸிட்னி நகரத்தின் அநுபவம் இவ்விஷயத்தில் கவனிக்கத்தக்கது.

அந்நகரில் ஜார்ஜ் வீதியில் 1898-ம் வருஷம் விக்டோரியா ராணியின் பெயரால் பெரியதொரு மார்க்கெட் கட்டடம் திறக்கப்பட்டது. நகரசபையின் சிற்பி ஜார்ஜ் மக்ரே அமைத்தது. நடுவே தாமிரத் தகடு வேய்ந்த பெரிய கும்மட்டம். பிற்காலத்தில் புத்தகசாலையும் மின்சார இலாகாவின் காரியாலயங்களும் உள்ளே குடியேறி, அதன் அழகைத் தடுப்புகளால் மறைத்துவிட்டன. 1959-ல் மேயரே அதை இடித்துவிட்டுச் சதுக்கமும், அதன் அடியில் மோட்டார் வண்டிகள் நிறுத்த இடமும் அமைக்கலாமென்று யோசனை கூறினார். கட்டடம் நிலைக்குமென்பது 1971-ல்தான் நிச்சயமாயிற்று.

பிறகு நடந்ததே முக்கியம். நகரசபை கட்டடத்தை விற்கவில்லை. மலேசியாவின் ஈப்போ கார்டன் கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டது. கம்பெனி தன் செலவில் தளஓடுகளையும், வர்ணக் கண்ணாடிகளையும், மாடிப்படிகளையும் புதுப்பித்து, 1986-ல் கடைகளோடு திறந்தது. மோட்டார் நிறுத்துமிடமும் பக்கத்து வீதியின் அடியில் அமைந்துவிட்டது! குத்தகைதாரர் பின்னர் மாறினும் உரிமை நகரத்தினுடையதே. பத்திரங்களைப் படித்தே கண் மங்கிய நமக்கு, விக்கிரயத்துக்கும் குத்தகைக்கும் உள்ள பேதத்தை ஒரு நகரசபை உணர்ந்திருப்பது பெருமகிழ்ச்சி தருகிறது.

ஏகாதிபத்திய ராணியின் கட்டடம் நிலைத்தாலென்ன, போனாலென்ன என்று நம் தேசபக்தர் சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமே. ஆனால் சிலை வேறு, கட்டடம் வேறு. டப்ளினில் சட்டசபை வாசலில் நின்ற விக்டோரியா சிலையை ஐரிஷ்காரர் 1948-ல் அகற்றினர். அது முற்றிலும் சரி. வணங்கச் செய்வதற்கென்றே வைத்த உருவம் அது. கட்டடமோ கொத்தர், தச்சர் கைவேலை. நகரசபைப் பணத்தில் எழுந்த பொதுச் சொத்து. பெயர் ஒருத்தியுடையதாயினும் உழைப்பு பலருடையது. அந்த டப்ளின் சிலையே பல வருஷம் கிடங்கில் கிடந்து, கப்பலேறி, 1987 முதல் ஸிட்னியில் இக்கடைகளின் வாசலில் நிற்கிறது. முன்னாள் பிரிட்டிஷ் பிரஜைகளின் மலாய் நாட்டு மூலதனம் ராணியின் கட்டடத்தை மீட்டதும், அயர்லாந்து வேண்டாமென்ற ராணி அங்கே வந்து காவல் நிற்பதும் சரித்திரத்தின் வேடிக்கைகள்.

புராதனக் கட்டடத்தை அங்காடியாக்குவது இழிவு என்பாருக்கும் ஒரு வார்த்தை. இது பிறந்ததே அங்காடியாக. வியாபாரம் அங்கே வந்தேறியதன்று, வீடு திரும்பியது. ஒரு குறை மட்டும் உண்டு. இன்று அங்குள்ள கடைகளில் பல சீமான்களுக்கே எட்டும். ஏழை உள்ளே நடந்து பார்க்கலாம்; வாங்குதல் அரிது. சிறு வியாபாரிகளுக்கு இத்தனை கடைகள், இன்ன வாடகைக்கு என்ற ஷரத்தைப் பத்திரத்திலேயே எழுதி வாங்குவதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை. கையெழுத்தான பிறகு வருந்திப் பயனில்லை.

நம் நகரசபை அங்கத்தினர்கள், இனி ஒரு பழைய கட்டடத்தை இடிக்கும் தீர்மானத்துக்குக் கை தூக்குமுன், அதைக் குத்தகைக்கு விட்டால் வரும்படி என்ன, மராமத்துச் செலவு யாருடையது என்ற கணக்கைச் சபையின் முன் வைக்கும்படி கேட்பார்களாக.