பாஸ்வேர்டு யார் கையில்?

உத்திரமேரூர் வட்டாரக் கிராமங்களில் பலருக்கு மெயில் ஐடி இருக்கிறது, பாஸ்வேர்டுதான் தெரியாது. டிஎன்பிஎஸ்சி பதிவு, பான் கார்டு, கல்வி உதவித்தொகை, ஒரகடம் கம்பெனி வேலை என்று எதற்குப் போனாலும் மெயில் ஐடி கேட்கிறார்கள். பிரவுசிங் சென்டரில் இருப்பவரே ஒன்றை உருவாக்கித் தருகிறார். அவசரத்தில் அவருடைய செல் எண்ணே மீட்பு எண்ணாகவும் போய்விடுவதுண்டு.

அந்தக் கணக்கு ஒருநாள் களவு போனால், "கண்ட லிங்க்கை எல்லாம் எதுக்குத் தொட்ட?" என்று திட்டு வாங்குபவர் இழந்தவர்தான். 2013இல் யாகூவில் களவு போனவை சுமார் 300 கோடி கணக்குகள். அதன் முழு அளவு தெரியவரவே 2017 ஆயிற்று. அத்தனை பேரும் அசட்டையானவர்களா என்ன?

பாஸ்வேர்டை மாற்றினால் வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் ஆபத்து. உள்ளே புகுந்தவர், வரும் மடல்களெல்லாம் தனக்கும் வரும்படி ஃபார்வர்டிங் வைத்திருக்கலாம். வங்கி மடல்கள் உங்கள் கண்ணில் படாமல் குப்பைக்குப் போகும்படி ஃபில்டர் போட்டிருக்கலாம். பாஸ்வேர்டு மாறினாலும் இவை அப்படியே இருக்கும். ஆகவே எல்லாக் கருவிகளிலும் கணக்கிலிருந்து வெளியேறி, மீட்பு எண், மீட்பு மெயில், ஃபார்வர்டிங், ஃபில்டர், அனுமதி பெற்ற செயலிகள் ஆகிய எல்லாவற்றையும் பார்த்துத் தெரியாததை நீக்க வேண்டும். பிறகு இரண்டு கட்டச் சரிபார்ப்பு. அதே பாஸ்வேர்டை வேறெங்கு வைத்திருந்தாலும் அங்கேயும் மாற்றுங்கள். பழைய சிம்மை மீட்பு எண்ணாக விட்டுவைக்காதீர்கள். துண்டிக்கப்பட்ட எண் 90 நாளுக்குப் பிறகு வேறொருவர் கைக்குப் போகலாம். பணமும் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

கணக்கையே திறக்க முடியவில்லை என்றால்? வழக்கமாகத் திறந்த கருவியில், வழக்கமான இடத்திலிருந்து மீட்க முயலச் சொல்கிறது கூகுள். நம் ஊரில் அந்தக் கருவி பெரும்பாலும் சென்டர் கம்ப்யூட்டர். மீட்புக் குறியீடு வந்து விழுவதும் சென்டர்காரர் செல்லில். அவர் கை கொடுக்காமல் தனி ஆள் என்ன செய்ய முடியும்?

கணக்குப் பாதுகாப்பை ஊர்ப் பொறுப்பு என்று சொல்வதற்கு உத்திரமேரூரை விடப் பொருத்தமான இடம் இல்லை. முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டப்பட்ட, ஊர்ச் சபையின் குடவோலைத் தேர்தலைச் சொல்லும் கல்வெட்டுகள் பெயரெழுதிய ஓலையை வாங்கும் முறையைக்கூட விட்டுவைக்கவில்லை: ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கி, எல்லோரும் கேட்க வாசிக்க வேண்டும். கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் வாரியத்தில் இடமில்லை. அந்தச் சபையில் எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை என்பதையும் மறைக்க வேண்டாம். ஆனால் அடுத்தவர் பொறுப்பைக் கையில் வாங்குபவர் கையை விரித்துக் காட்ட வேண்டும் என்ற நியாயம் இன்றைக்கும் செல்லும்.

சென்டர் நடத்துபவர்கள் வாடிக்கையாளரின் எண்ணிலேயே கணக்கைத் தொடங்கட்டும். பாஸ்வேர்டை அவரே தட்டட்டும். நோட்டில் குறித்து வைக்கும் பழக்கம் போகட்டும். கூட்ட நேரத்தில் இது சிரமம்தான். ஆனாலும் அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. தன்மேல் சந்தேகம் விழாமல் இருக்கச் சென்டர்காரருக்கே இது நல்லது. அரசு மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கினால், வீட்டுப் பெரியவர்களின் கணக்கைப் பிள்ளைகளே சரிபார்த்துவிடுவார்கள். வீட்டில் உள்ளவர்கள் திட்டை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாலே பாதி வேலை நடக்கும்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. அடுத்த கூட்டத்தில் குடிநீர், தெருவிளக்கோடு இதற்கும் பத்து நிமிடம் கேளுங்கள். சென்டர்காரரையும் தலைமையாசிரியரையும் முன்கூட்டியே அழைத்துவிடுங்கள்.