சேஃப்டி உள்ள கைத்துப்பாக்கியா, இல்லாததா?

கைத்துப்பாக்கிக்கு உரிமம் கிடைத்தவர் கடையில் எதிர்கொள்ளும் முதல் குழப்பம் இதுதான்: பக்கவாட்டில் சேஃப்டி லிவர் வைத்ததை வாங்குவதா, அது இல்லாததை வாங்குவதா? மொரப்பூரில் இந்தக் கேள்வி நாள்தோறும் எழுவதில்லை. இந்தப் பக்கத்தில் துப்பாக்கி என்றாலே பெரும்பாலும் நீளத் துப்பாக்கிதான். வங்கி வாசலில் காவலர் பிடித்திருப்பதும், காட்டுப்பன்றிக்காக உரிமத்தோடு வைத்திருப்பதும் அந்த வகை. ஆனால் தருமபுரி ஆட்சியரிடம் கைத்துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பிக்கிறவருக்கும், இடுப்பில் பிஸ்டலோடு பணிக்கு வரும் எஸ்.ஐ.க்கும் இது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கும், ஒரே ஜீப்பில் போகிறவர்களுக்கும்தான்.

முதலில் குண்டு எப்படிப் புறப்படுகிறது என்று பார்ப்போம். தோட்டாவின் அடியில் ஒரு சிறு கேப் இருக்கிறது. அதை ஓர் ஊசி ஓங்கிக் குத்த வேண்டும். பல துப்பாக்கிகளில் ஊசியை அடிப்பது ஹேமர், அதாவது துப்பாக்கியின் பின்புறம் இருக்கும் சிறு சுத்தி. ஹேமர் பின்னால் இழுபட்டு ஒரு கொக்கியில் மாட்டி நிற்கும். விரல் விசையை இழுத்தால் கொக்கி நழுவும், ஹேமர் பாயும், ஊசி குத்தும், தோட்டா வெடிக்கும்.

சேஃப்டி என்பது இந்த வரிசையில் ஏதாவது ஒன்றைத் தடுத்து நிறுத்துவது. அதில் இரண்டு வகை உண்டு. நம் கட்டைவிரல் ஒரு பக்கம் தள்ளினால் பூட்டி, மறுபக்கம் தள்ளினால் திறப்பது கைச் சேஃப்டி. விசை முழுவதும் இழுபடாதவரை துப்பாக்கி தானாகவே ஊசியையோ ஹேமரையோ தடுத்து வைத்திருப்பது உட்சேஃப்டி. முதலாவது, விசையில் தவறாக விரலோ துணியோ பட்டுவிடும் ஆபத்துக்கு. இரண்டாவது, துப்பாக்கி கீழே விழும் ஆபத்துக்கு. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதில்தான் பெரும்பாலான குழப்பம் தொடங்குகிறது.

நம் காவல்துறையிலும் ராணுவத்திலும் நெடுங்காலமாகப் புழங்கும் 9 மி.மீ. பிஸ்டல் ஆட்டோ 1ஏ-வை எடுத்துக்கொள்வோம். மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் செய்யப்படுவது. 1935-இல் பெல்ஜியத்தில் வெளிவந்த பிரௌனிங் ஹை-பவர்தான் இதற்கு மூலம். இதன் மேல்பகுதியான ஸ்லைடைப் பின்னால் இழுத்துவிட்டால் மேகசினிலிருந்து, அதாவது தோட்டாப் பெட்டியிலிருந்து, ஒரு தோட்டா சேம்பருக்குள், அதாவது குழலின் பின்முனையில் உள்ள அறைக்குள், ஏறும். ஹேமரும் இழுபட்டு நிற்கும். அதன்பின் விசை நகர வேண்டிய தூரம் மிகக் குறைவு. அதனால்தான் இடப்பக்கத்தில் ஒரு லிவர் வைத்தார்கள். மேலே தள்ளினால் பூட்டு, கீழே தள்ளினால் திறப்பு. இந்த வகைத் துப்பாக்கியைச் சேம்பரில் தோட்டாவோடு வைத்திருப்பவருக்கு அந்த லிவர் கட்டாயம்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. லிவர் பூட்டிய நிலையில் ஸ்லைடும் நகராது. ஆகவே சேம்பரில் இருக்கும் தோட்டாவை வெளியே எடுக்க வேண்டுமானால் சேஃப்டியைத் திறந்தே ஆக வேண்டும். தோட்டாவை இறக்கும் அந்த நேரத்தில் கைச் சேஃப்டி நமக்குத் துணை இல்லை. தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமதாரர்கள் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பது வழக்கம். அதற்கு முன்பு வீட்டில் தோட்டாவை இறக்குவார்கள். அப்போது செய்யும் தவறு பெரும்பாலும் ஒன்றேதான்: மேகசினைக் கழற்றும் முன் ஸ்லைடை இழுப்பது. பழைய தோட்டா வெளியே தெறிக்கும், மேகசினிலிருந்து புதிய தோட்டா உள்ளே ஏறிவிடும். பிறகு மேகசினைக் கழற்றிவிட்டு, துப்பாக்கி காலி என்று நம்பி விடுவார்கள். மேகசின் முதலில், ஸ்லைடு பிறகு, கடைசியாகச் சேம்பரைக் கண்ணால் பார்ப்பது, விரல் விட்டுத் தொட்டும் பார்ப்பது. இந்த வரிசையை எந்த லிவரும் நமக்காகச் செய்து தராது.

இனி லிவர் இல்லாதவை. 1982-இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்றுக்கொண்ட க்ளாக் 17 இதில் பெயர் பெற்றது. நம் தேசியப் பாதுகாப்புப் படையும் க்ளாக் பயன்படுத்துகிறது. இதன் விசையின் நடுவே ஒரு சிறு நாக்கு இருக்கும். விரல் அதையும் சேர்த்து அழுத்தினால்தான் விசை நகரும். உள்ளே ஊசிக்கும் தனித் தடுப்பு உண்டு. விழுந்தால் வெடிக்காது, இழுத்தால் உடனே சுடும். நெருக்கடியில் லிவரைத் திறக்க மறப்பதற்கு இடமே இல்லை. அதே காரணத்தால், உறையில் செருகும்போது சட்டை நுனி விசையில் சிக்கினாலும் அது சுட்டுவிடும். 2017-இல் அமெரிக்க ராணுவம் சிக் சாவர் பி320 பிஸ்டலைத் தேர்ந்தெடுத்தபோது, கைச் சேஃப்டி வைத்த வடிவத்தையே கேட்டு வாங்கியது. அங்கே பல காவல்துறைகள் அதே துப்பாக்கியை லிவர் இல்லாமல் வாங்கின. யார் கையில், எவ்வளவு பயிற்சியோடு இருக்கப்போகிறது என்பதைப் பொறுத்தே இரு தரப்பும் முடிவெடுத்தன.

ரிவால்வர் வேறு கதை. அதில் விசையை நீளமாக, அழுத்தி இழுக்க வேண்டும். அந்த இழுப்பே ஹேமரையும் பின்னால் தள்ளும். ஆகவே பெரும்பாலான ரிவால்வர்களில் கைச் சேஃப்டி வைப்பதில்லை. சிங்கப்பூர்க் காவல்துறை 1930-களிலிருந்து பயன்படுத்திய வெப்லி ரிவால்வர்கள் அபூர்வமான விதிவிலக்கு. அவற்றில் சேஃப்டி பொருத்தி வாங்கியிருந்தார்கள்.

ரிவால்வரில் பார்க்க வேண்டியது உட்சேஃப்டி. இரண்டாம் உலகப் போரின்போது ஓர் அமெரிக்கக் கப்பலில் கீழே விழுந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர் வெடித்து மாலுமி ஒருவர் இறந்தார். அதன்பின் அந்த நிறுவனம் ஹேமருக்கும் தோட்டாவுக்கும் நடுவே உறுதியான தடுப்பு ஒன்றை வைத்து வடிவமைப்பையே மாற்றியது. நம் நாட்டில் அண்மையில் பேசப்பட்டது நடிகர் கோவிந்தாவுக்கு நேர்ந்தது. 2024 அக்டோபர் 1 அதிகாலை, மும்பை வீட்டில் உரிமம் பெற்ற தம் ரிவால்வரை அலமாரியில் வைக்கும்போது அது கைதவறி விழுந்து வெடித்தது என்று அவருடைய மேலாளர் சொன்னார். குண்டு காலில் பாய்ந்தது, உயிர் தப்பினார். தலைமுறை தலைமுறையாக வீட்டில் இருந்து வரும் பழைய ரிவால்வர்களை நினைத்தால் இந்தச் செய்தி எனக்குக் கவலை தருகிறது.

சட்டமும் இந்தக் கேள்வியைத் தொடுகிறது. 9 மி.மீ. துப்பாக்கி தனியாருக்குத் தடை செய்யப்பட்ட வகை. ஆகவே உரிமதாரர் கைக்கு வருவது பெரும்பாலும் .32 ரிவால்வர் அல்லது .32 பிஸ்டல். பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையில்தான் வைத்திருக்க வேண்டும் என்று 2016 ஆயுத விதிகள் சொல்கின்றன. நல்ல உறை விசையை முழுவதும் மூடும். அந்த அளவில் அதுவும் ஒரு சேஃப்டிதான். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, பிறர் உயிருக்கு ஆபத்தாகும்படி அலட்சியமாகத் துப்பாக்கியைப் பயன்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். அதே திருத்தம் ஒருவர் வைத்துக்கொள்ளும் துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. அந்த இரண்டும் இருவேறு விதமாக இருந்தால் அதிலும் சிக்கல். ஹை-பவர் வகையில் லிவரைக் கீழே தள்ளினால் திறக்கும். வால்தர் பிபி, பெரெட்டா 92 போன்றவற்றில் கீழே தள்ளினால் பூட்டும். பதற்றத்தில் கட்டைவிரல் பழகியதைத்தான் செய்யும்.

இங்கேதான் என் கருத்து வருகிறது. லிவர் பயன்தர வேண்டுமானால் கட்டைவிரல் அதை நூற்றுக்கணக்கான முறை செய்து பழகியிருக்க வேண்டும். உரிமத்தில் ஆண்டுக்கு இத்தனை தோட்டா என்று அளவு குறித்திருக்கிறது. மொரப்பூர்க்காரருக்குச் சுட்டுப் பழகும் தளம் பக்கத்தில் இல்லை. தொடர்ந்து பழக முடியாதவருக்கு உட்சேஃப்டி உள்ள, விசையை நீளமாக இழுக்க வேண்டிய ரிவால்வர் பொருத்தமானது என்று நினைக்கிறேன். பிஸ்டல்தான் வேண்டுமென்றால் கைச் சேஃப்டி உள்ளதை வாங்கி, சேம்பரைக் காலியாக வைத்திருப்பது நல்லது. அவசரத்தில் ஸ்லைடை இழுக்க ஒரு நொடி கூடுதலாகும், உண்மைதான். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்த ஒரு நொடியை விட்டுக்கொடுக்கலாம். குழந்தையின் விரலுக்கும் லிவர் நகரும் என்பதால் பூட்டிய இரும்புப் பெட்டி எந்த வகைக்கும் தேவை. 1ஏ வைத்திருக்கும் எஸ்.ஐ.க்குத் தெரிவு கிடையாது. துறை சொல்லும் முறையையே ஒவ்வொரு நாளும் மாற்றாமல் செய்வது அவர் கையில் இருக்கிறது.

வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்க வேண்டியது: ஹேமரையோ ஊசியையோ தடுக்கும் பாகம் இதில் உண்டா, அதைக் காட்ட முடியுமா? பழைய துப்பாக்கியானால் உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து அந்தப் பாகம் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே தோட்டா போட வேண்டும்.