தலைவிதியா? சாலை விதியா?

ரோட்டில் ஒருவன் வண்டி மோதிச் செத்தால், “அவன் தலையெழுத்து அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவது நம் மக்களின் வழக்கமாய் இருந்து வருகிறது. 2022-ஆம் ஆண்டில் மாத்திரம் இந்தியாவில் 1,68,491 பேர் ரோட்டில் மாண்டதாக சர்க்கார் கணக்கே கூறுகிறது. அவர்களில் 17,884 பேர் தமிழ்நாட்டில் மாண்டவர்கள். இத்தனை பேர் தலையிலும் சாவை எழுதிய பிரம்மாவுக்கு, சுவீடன் தேசத்தில் மட்டும் மை வற்றிப் போனதேன் என்று கேட்கிறோம்.

அத்தேசத்தின் சட்டசபை 1997-இல் ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. மனிதன் தவறு செய்வது இயற்கை; அத்தவறுக்கு உயிரையே விலையாகக் கொடுக்க நேரிடாதபடி ரோட்டை அமைப்பது, அதை அமைப்பவர்களின் பொறுப்பு என்பதே அது. எதிரெதிர் வண்டிகளுக்கு நடுவே கம்பிவடத் தடுப்பு கட்டினார்கள். ஜனங்கள் நடமாடும் தெருக்களில் வேகத்தைக் குறைத்தார்கள். 1997-இல் 541 ஆக இருந்த சாவு 2022-இல் 227 ஆயிற்று. இதற்கு எந்தச் சாமிக்கும் அங்கு படையல் போடவில்லை.

நாமோ ஆயுத பூசையன்று பூசணிக்காயை நடுரோட்டில் உடைத்து, அதில் வழுக்கி விழுகிறவனையும் “விதி” என்கிறோம். இந்த விதியால் லாபமடைகிறவர் யார்? வளைவைத் தப்பாய் அமைத்தவரும், பள்ளத்தை மூடாதவரும், மூடியதாக பில் எழுதியவரும்தானே! ரோட்டின் அமைப்பிலோ பராமரிப்பிலோ உள்ள குறையால் சாவு நேர்ந்தால், அதற்குப் பொறுப்பான அதிகாரிக்கோ காண்ட்ராக்டருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாமென்று 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 198-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. இப்படியொரு பிரிவு இருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பொறுப்பைச் சுமத்தினால் மட்டும் போதாது. யோக்கியமான இஞ்சினீயருக்குப் பாதுகாப்பும் வேண்டும். சத்தியேந்திர துபே என்னும் இளம் இஞ்சினீயர், தேசிய நெடுஞ்சாலை வேலையில் நடந்த ஊழலைப் பிரதம மந்திரிக்கு எழுதி, தம் பெயரை மறைத்துவைக்க வேண்டினார். கடிதம் அவர் பெயரோடேயே இலாகாக்களுக்குச் சென்றது. 2003 நவம்பரில் கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக்காரர் செய்த கொலையென்று 2010-இல் மூவர் தண்டிக்கப்பட்டனர். ஆனால் அவர் பெயரை வெளியே விட்ட குற்றத்துக்கு யார் பதில் சொன்னார்கள்?

ஆகவே தோழர்களே, உங்கள் ஊர் ரோட்டில் உயிர் போகும்போது ஓட்டியவனை மட்டும் விசாரித்துவிட்டு நிறுத்த விடாதீர்கள். ரோட்டையும் விசாரிக்கும்படி மனுக் கொடுங்கள். காண்ட்ராக்டரின் கூலி வாங்காத இஞ்சினீயரைக் கொண்டு அதைச் சோதிக்கச் சொல்லுங்கள். குறையை எழுதிவைத்த இஞ்சினீயரை மாற்றல் செய்தால், ஏன் மாற்றினீர்கள் என்று ஊரோடு கேளுங்கள். தலையில் எழுதியதை எவனும் படித்ததில்லை. ரோட்டின் வரைபடத்தில் போட்ட கையெழுத்தையோ யாரும் படிக்கலாம்.