பரணில் கிடக்கும் அமானிதம்



பழைய வீட்டை இடிக்கும்போது பரணிலிருந்து இறங்கும் தகரப்பெட்டியில் அரபுத்தமிழ்க் கடிதங்களும் கணக்கேடுகளும் இருக்கக் காண்கிறோம். அரபு எழுத்தைக் கண்டதும் இறைவசனமெனக் கருதி, கண்ணியத்தோடு கடலில் கரைத்துவிடுகிறோம். ஆங்கிலேயர் ஆட்சியில் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இரங்கூனிலும் பொருளீட்டிய நம் முன்னோர் வீட்டுக்கு எழுதிய மடல்களையே இவ்வாறு அழிக்கிறோம்.

சிங்கப்பூரில் சூலியா முஸ்லிம்கள் 1826இல் ஜாமிஆ பள்ளிவாசலை நிறுவினர். 1887இல் மகுதூம் சாயபு ‘சிங்கைநேசன்’ இதழைத் தொடங்கினார். இவற்றை மேடைதோறும் முழங்குகிறோம். பள்ளி கட்டியவரும் பத்திரிகை நடத்தியவரும் மட்டுமா சமுதாயம்? கப்பற்கூலிக்குக் கடன்பட்டவர், பணம் வருமெனக் காத்திருந்த மனைவி, 1942இல் பர்மாவிலிருந்து கால்நடையாய்த் திரும்பியவர் ஆகியோரின் சாட்சியம் எங்கே?

“பழங்கதை மறுமைக்கு உதவுமா?” என்பர் சிலர். ஆதாரம் பேணுவது மார்க்கம் கற்றுத்தந்த ஒழுங்கு. கடனை எழுதிவைக்கப் பணிக்கும் வசனமே (2:282) திருக்குர்ஆனில் மிக நீண்டது. அறிவிப்பாளர் தொடரின்றி ஹதீஸை ஏற்காத சமுதாயம், தன் பாட்டனாரின் வாழ்வை மட்டும் செவிவழிச் செய்தியாக விட்டுவிடலாமா?

கரைப்பதற்கு முன் அரபுத்தமிழ் அறிந்த ஆலிமிடம் காட்டுங்கள். படியெடுத்து, பெயரும் ஊரும் ஆண்டும் குறித்துவையுங்கள். அது அவர்கள் நம்மிடம் விட்டுச்சென்ற அமானிதம்.